ஓட்டை போட்டவனும் கித்தார் செய்தவனும்

கித்தார் செய்யும் தொழிலில் ஓட்டை போடுகிறவனை யாருக்கும் தெரியாது. ஓட்டை இடம் மாறினால்தான் அவன் பெயரை விசாரிப்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் சிங்கப்பூரில் தெருவுக்கு ஒரு வாத்தியக் குழு முளைத்தது. எல்லாருக்கும் மின்சார கித்தார் வேண்டும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த மரச்சாமான் பட்டறையில் அலமாரிக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்த நான், கித்தாருக்கு ஓட்டை போடத் தொடங்கியது அப்படித்தான். தந்தி முறுக்கும் சாவி, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ், கழுத்தை உடலோடு இணைக்கும் திருகாணி, எதை மாட்டுவதானாலும் முதலில் டிரில்லோடு நான் வரவேண்டும். ஆறு மாதம் ராஜாவாக இருந்தேன். பிறகு இப்ராஹிம் வேலைக்குச் சேர்ந்தான். நாகப்பட்டினத்துக் குடும்பம், என் வயது, பக்கத்து மேசை. உங்களுக்கும் அப்படி ஒரு பக்கத்து மேசைக்காரர் வாய்த்திருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இந்த எரிச்சல் புரியாது.

சிராய்

கித்தாரின் தலைப்பகுதியில் சாவிகளுக்காக ஆறு ஓட்டைகள் வேண்டும். டிரில் மறுபக்கம் வெளியேறும்போது மரத்தைச் சிராய் சிராயாகப் பிய்த்துக்கொண்டு போகும். அதைத் தேய்த்து, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மறுபடி தேய்த்து முடிக்க எனக்கு அரை நாள் ஆகும்.

இப்ராஹிம் வந்த முதல் நாளே முன்பக்கத்திலிருந்து துளைத்தான். முனை மறுபக்கம் லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தினான். கட்டையைத் திருப்பிப் போட்டு, அந்தப் புள்ளியிலிருந்து மீதியைத் துளைத்தான். ஒரு சிராய் இல்லை. அது போதாதென்று, தந்தி கட்டியதும் மடியில் வைத்து ஒரு மெட்டும் வாசித்தான். எனக்கு வாசிக்க வராது. எங்கள் முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். இந்தியர்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். ஓட்டைக்கு மட்டும் மலாய்ச் சொல்தான் அவர் வாயில் வரும். என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாணிக்கம், நீ லோபாங் போடுறே. அவன் கித்தார் செய்றான்லா."

முத்துப் புள்ளி

எவ்வளவு ஆழம் துளைக்கவேண்டுமோ அந்த இடத்தில் டிரில் முனையைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்வான் இப்ராஹிம். டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்தவேண்டும். நல்ல யோசனைதான். அவன் யோசனை என்பதால் நான் செய்யவில்லை. ஒருநாள் கழுத்தின் அடியில் திருகாணிக்குத் துளைத்தபோது, முனை தந்தியை அழுத்தும் விரல் பலகையைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிட்டது. கழுத்தே வீண்.

இப்ராஹிம் அதை வாங்கிப் பார்த்தான். அதே விரல் பலகையில், ஓட்டைக்கு நேர் எதிரே, நன்றாக இருந்த பக்கத்தில், வேண்டுமென்றே இன்னோர் ஓட்டை போட்டான். பழைய சட்டையிலிருந்து இரண்டு முத்துப் பொத்தானை அறுத்து, இரண்டிலும் பதித்து, இழைத்துவிட்டான். பார்ப்பதற்கு அலங்காரம் மாதிரியே இருந்தது. என் தப்பை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது. கித்தாரை வாங்க வந்த கேலாங் வட்டாரத்து இளைஞர் புள்ளிகளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பாய், இந்த ரெண்டு முத்துதான் பிரமாதம்! உங்க கை பட்டா தனிதான்லா!"

ஓர் அங்குலம்

இனிச் சொல்லப்போவதை இதுவரை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ஜோசப் ஒரு பேஸ் கித்தார் கேட்டிருந்தார். புக்கிட் மேரா பக்கம் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமை மாலை இசைப் போட்டி. வியாழக்கிழமை இப்ராஹிம் பிரிட்ஜுக்கு இடம் அளந்துகொண்டிருந்தபோது, மனைவிக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. பென்சிலால் அவசரமாகக் குறித்துவிட்டு, "நீ முடிச்சிடு, மாணிக்கம்" என்று ஓடினான்.

எங்கள் அடிக்கோலின் முனை தேய்ந்திருந்ததால் ஒன்றாம் எண்ணிலிருந்துதான் அளப்போம். கடைசியில் அந்த ஓர் அங்குலத்தைச் சேர்த்துக் குறிக்கவேண்டும். அவன் சேர்க்காததால், பிரிட்ஜின் குறி ஓர் அங்குலம் தலைப் பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தது. நான் அளந்து பார்த்தேன். தப்பு என்று தெளிவாகத் தெரிந்தது. பென்சில் கோட்டை அழிக்க ஒரு நிமிடம் போதும். அழிக்கவில்லை. 'அவன் குறித்த இடம்தானே' என்று சொல்லிக்கொண்டு, அங்கேயே துளைத்து, பிரிட்ஜை மாட்டி, தந்தியும் கட்டினேன். வெள்ளிக்கிழமை வந்த ஜோசப், பிசகு அதிகம் தெரியாத தலைப் பக்கமாக நாலு சுரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார்.

போட்டிக்கு நானும் போனேன், வேடிக்கை பார்க்க. இரண்டாவது பாட்டில் ஜோசப்பின் விரல் பிரிட்ஜ் பக்கமாக நகர நகர, சுருதி பிசகி, வேண்டியதற்கு மேலே ஏறிக்கொண்டே போனது. பாடகர் திரும்பிப் பார்த்தார். ஜோசப் சாவியை முறுக்கினார், மறுபடி வாசித்தார், மறுபடி முறுக்கினார். கடைசியில் கையை எடுத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் சும்மா நின்றார். நான் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் வரவே இல்லை. பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் பட்டறைக்கு வந்தார். கத்தவில்லை. இப்ராஹிம் அளந்து பார்த்து, "குறி போட்டது நான்தான். தப்பு என்னோடது" என்றான். நான் டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"முன் வரிசையில என் பொண்ணு உக்காந்திருந்தா, பாய். 'அப்பா ஏன் வாசிக்காம நிக்கிறாரு'ன்னு அவ அம்மாகிட்ட கேட்டாளாம்."

அடைப்பு

தப்பான ஓட்டையை அடைப்பதற்கு, அதே மரத்தில் ஒரு குச்சியை ஆணி மாதிரிச் சீவி, பசை தடவி அடித்து இறக்கவேண்டும். அன்று மத்தியானம் ஜோசப்பின் கித்தாருக்கு அதை நானே செய்கிறேன் என்றேன். இப்ராஹிம் எதிரே உட்கார்ந்து குச்சி சீவிக் கொடுத்தான். மூன்றாவது குச்சி இறங்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

"இப்ராஹிம், குறி தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவன் சீவுவதை நிறுத்தவில்லை. திட்டுவான், தவுக்கேயிடம் போவான் என்று காத்திருந்தேன். கையிலிருந்த குச்சியைச் சீவி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தான்.

"நீ அளந்து பாக்காம டிரில்லைத் தொடமாட்டேன்னு தெரியும், மாணிக்கம். அந்த நம்பிக்கையிலதான் அப்படியே போட்டுட்டு ஓடினேன்."

அன்றோடு என் பொறாமை ஒழிந்தது என்று எழுதினால் நீங்கள் மெச்சிக்கொள்வீர்கள்தான், ஆனால் அடுத்த மாதமே அவன் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.