கோட்டில் இல்லாத வருடம்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் கல்லூரித் தோழியும் தி. நகரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அறையில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தோம். இணையம் என்றால் என்ன என்று ஆட்களுக்கு விளக்குவதிலேயே பாதி நாள் போய்விடும். அந்த வேலை அவளுடையது. மயிலாப்பூர்க்காரி; யாரிடமும் ஐந்து நிமிடத்தில் சொந்தக்காரி மாதிரி பேசத் தொடங்கிவிடுவாள். எனக்குப் பேச்சு வராது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிரல் எழுதத்தான் வரும். இப்படிப் பிரித்துக்கொண்டதில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை. என் அம்மா அவளுக்கும் சேர்த்துத்தான் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள்.

கோடம்பாக்கத்தில் ஒரு பழைய ஸ்டுடியோவுக்கு ஐம்பதாம் ஆண்டு வந்தது. முதலாளியின் மகன் எங்களை அழைத்து, ஸ்டுடியோவின் வரலாற்றை இணையத்தில் போட வேண்டும் என்றார். பக்கம் பக்கமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், ஒரே கோடாகப் போடலாம் என்றேன். திரையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு. வருடத்துக்கு ஒரு புள்ளி. மவுஸைப் புள்ளியின் மேல் கொண்டுபோனால் அந்த வருடத்துப் படமும் செய்தியும் விரியும். கோட்டைப் பிடித்து இழுத்தால் காலம் முன்னும் பின்னும் நகரும்.

இன்று இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அப்போது அதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒரு பிரவுசரில் ஓடுவது இன்னொன்றில் அசையாமல் நிற்கும். வருடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை நிரலே கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ஒன்றும் நடக்காத வருடம் வெற்றிடமாகவே தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஸ்டுடியோ ஆபீசில் ஒரு பெட்டி நிறையப் படங்களும் பேப்பர் துண்டுகளும் கொடுத்தார்கள். அதில் ஒரு துண்டு, செட் தீப்பிடித்த செய்தி. மேலே கட்டியிருந்த பலகையில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த லைட்மேன் ஒருவர் இறங்க முடியாமல் இறந்துபோயிருந்தார். அந்த வருடத்துக்கு வேறு செய்தியே இல்லை. ஆபீசில் இருந்த கிளார்க்கிடம் விசாரித்தேன். இறந்தவரின் மனைவி வடபழனியில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறார் என்றார்.

போனேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “இன்னாத்துக்கு கண்ணு இப்போ இதெல்லாம்?” என்றார்.

“ஸ்டுடியோ கதையில அவரும் உண்டு இல்லையாம்மா? அமெரிக்காவுல இருக்கறவங்ககூட பார்க்கலாம்.”

“பேரு போடுவியா?”

“பேரும் இருக்கும், படமும் இருக்கும்.”

உள்ளே போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தார். ஆளுயர விளக்கு ஒன்றின் மேல் கை வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒருவர். “இது ஒண்ணுதான் கீது எங்கிட்ட. பத்திரமா கொண்டாந்து குடுத்துடு. அவுரு செத்த அன்னிக்கு ஸ்டுடியோலேர்ந்து ஒருத்தரும் வரல. மாலை ஒண்ணு அனுப்ச்சாங்க, அவ்ளோதான்.”

ஸ்கேன் செய்துவிட்டு மறுநாளே போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே விழாவுக்கும் வரச் சொன்னேன். முதலாளி மகன் அதற்கு முன்பே கோட்டை ஒருமுறை பார்த்திருந்தார். அந்தப் புள்ளியில் கொஞ்சம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா ஒரு சனிக்கிழமை மாலை, தி. நகரில் ஒரு மண்டபத்தில். அந்த அம்மா கஞ்சி போட்ட நீலப் புடவையில் வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். மேடையில் ஒரு பழைய நடிகர் மவுஸைப் பிடித்து இழுக்க, பெரிய திரையில் வருடங்கள் நகர்ந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டல்.

அந்த வருடம் வரவில்லை. அதற்கு முந்தைய வருடத்துப் புள்ளியை ஒட்டியே அடுத்த வருடத்துப் புள்ளி. முதலில் என் நிரல்தான் கெட்டுப்போய்விட்டது என்று பதறினேன். மெதுவாகத்தான் புரிந்தது. புள்ளியை எடுத்தால் மட்டும் அங்கே ஒரு வெற்றிடம் தெரிந்திருக்கும். தூரத்தைக் கணக்கிடுகிற வரியையும் மாற்றி, எல்லாப் புள்ளிகளுக்கும் சம இடைவெளி கொடுத்திருந்தார்கள். அந்த வரி எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நான்தான் என் தோழிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“இன்னா கண்ணு, இன்னும் வரலியா அவுரு?” என்று அந்த அம்மா என் காதருகே கேட்டார்.

“வரும்மா” என்றேன். இரண்டாவது முறை கேட்டபோதும், “வரும், கடைசியில வரும்” என்றேன்.

கோடு முடிந்தது. விளக்குகள் போட்டார்கள். அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

தோழியை டிபன் பந்தி அருகில் பிடித்தேன்.

“எப்போ எடுத்தே?”

என்ன என்று அவள் கேட்கவில்லை. “செவ்வாக்கிழமை. நீ பாங்குக்குப் போயிருந்தப்போ.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா ஒத்துண்டிருக்க மாட்டே. முதலாளியோட பிள்ளை போன் பண்ணி, நல்ல காரியத்துல சாவு எதுக்குன்னு கேட்டார். எனக்கும் நியாயமாத்தான் பட்டுது.”

“அந்த அம்மாவை வரச் சொல்லியிருக்கேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும். வரமாட்டாள்னு நினைச்சுண்டேன்.” கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நம்ம தொழிலைப் பார்க்க வேண்டாமா?”

முதலாளி மகன் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. செவ்வாயிலிருந்து சனி வரை அவள் என் எதிரில் உட்கார்ந்து என் அம்மாவின் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டாள். விழாவுக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று கேட்டாள். ஒரு நாள், “உன் கோடு ரொம்ப அழகா வந்திருக்குடி” என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை வடபழனிக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை எல்லாம் நின்றுகொண்டே சொன்னேன். தோழி செய்தது, எனக்குத் தெரியாமல் செய்தது, எல்லாம்.

“அவங்க அப்டித்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். “உன் கூட்டாளிய எனக்குத் தெரியவே தெரியாது. நீதான் பக்கத்துல குந்திக்கினு வரும் வரும்னே. இல்லன்னு தெரிஞ்சும் சொன்னியே.”

அவர் கணவருக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்து போடுகிறேன், யாரும் எடுக்க முடியாது என்றேன்.

“ஒண்ணும் வேணாம். உன் மிஷின்ல அவுரு படம் கீதுல்ல, அத்த அழிச்சுடு.”

மறுநாள் காலை அறைக்குப் போனேன். தோழி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தைத் தேடி அழித்தேன். பிளாப்பியில் இருந்த இன்னொரு பிரதியையும் அழித்தேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “காப்பி சொல்லட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் புத்தகங்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அவள் பேச்சை முடித்திருக்கவில்லை.