கப்புக்கு நூற்றிருபது கிராம்

துணி ஆலைக் கேன்டீனில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். பாத்திரம் தேய்க்க வந்து, பதினெட்டு வருடத்தில் தலைமைச் சமையல்காரி ஆனவள். எடை போடாமல் எதையும் அடுப்பில் ஏற்ற மாட்டாள்.

புதிதாக வந்த மேலாளர் கேட்டரிங் படித்தவர். அதை நாளுக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எடை போடுவது நேர விரயம் என்று தராசை அலமாரியில் பூட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கப்பை அவளிடம் நீட்டினார். சுவரில் அட்டையும் ஒட்டினார்: 'பாஸ்தா, 1 கப் = 120 கிராம்.'

"எந்த பாஸ்தா சார்?"

"எதுவா இருந்தா என்னம்மா? கப்பு ஒண்ணுதானே."

"குட்டி வளைவுன்னா கப்புல நெருங்கி உக்காரும். சுருள்னா பாதி காத்துதான் நிக்கும்."

"நான் படிச்சிட்டு வந்திருக்கேன்."

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆளுக்கு எண்பது கிராம், நூற்றைம்பது பேருக்குப் பன்னிரண்டு கிலோ. அவர் கணக்கில் நூறு கப். இரண்டு வாரம் குட்டி வளைவே வந்ததால் பிழைத்தார், தலைக்கனம்தான் ஏறியது. மூன்றாம் வாரம் சுருள் வந்தது. காலையிலேயே போய்ச் சொன்னாள்.

"சார், இன்னிக்கு நூறு கப்பு பத்தாது."

"அட்டையைப் பாருங்கம்மா." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. மேற்கொண்டு வேண்டியதைப் போட்டிருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? போடவில்லை. சரியாக நூறு கப், தலை தட்டி அளந்து கொட்டினாள். படட்டும் என்று ஓர் அற்பச் சந்தோஷம்.

நூறாவது தட்டோடு அண்டா வழித்துத் துடைத்தாயிற்று. ஐம்பது பேர் காலித் தட்டோடு நின்றார்கள். வரிசையில் முதலில் நின்ற தறிக்காரி கேட்டாள்:

"உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும், அக்கா?"

மேலாளர் மேலிருந்த வெறுப்பு அப்படியே திரும்பி அவள் மேலேயே விழுந்தது. மறு உலை வைத்தாள்.

சத்தம் கேட்டு ஆலைத் தலைவர் வந்தார். அவள் மேலாளரை அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஒரு கப் சுருளைத் தராசில் கொட்டினாள். எண்பது கிராம்.

"தோராயமாத்தான் போட்டிருந்தேன் சார்," என்றார் மேலாளர்.

"தோராயமா அம்பது பேரு பட்டினி," என்றாள் அவள். "அதுல என் பங்கும் இருக்கு சார். தெரிஞ்சேதான் அளந்தேன்."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தை அரை மணி நீட்டச் சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது தட்டுக்கும் அவளே பரிமாறினாள். தறிக்காரி வாங்கிக்கொண்டாள், முகம் கொடுத்துப் பேச ஒரு வாரம் ஆயிற்று.

அதற்குள் சுவரில் புது அட்டை. குட்டி வளைவு 120, சுருள் 80, கீழே மேலாளரின் கையெழுத்து. தலைமை அலுவலகத்திலிருந்து அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். "சுருளுக்குள்ள காத்து இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாராம்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.