வாய் திறக்காத தெர்மோஸ்டாட்

செல்லத்துரை அண்ணாச்சி இறந்த செய்தி ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒரு கன்னத்தைத்தான் மழித்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் சேதி கேட்டவன், மறு கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டேன். துட்டி வீட்டில் பாதி முகத்தோடு நின்ற ஒரே மனிதன் நான்தான். அவர் மட்டும் எழுந்து பார்த்திருந்தால், "ஏலே சுப்பையா, மிச்சத்தை எமனா வந்து வழிப்பான்?" என்று கேட்டிருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி ஸ்டாண்டில் அவரோடு வாடகைக் கார் போட்டவர்களுக்கு என்னையும் தெரியும். ஒரு பழைய வெள்ளைக் காருக்கு நாங்கள் இருவரும் கூட்டு. ஓட்டுவது அவர், பெருமை பேசுவது நான். எங்கள் கார் அய்யனார் கோவில் அருவியில் எதிர்நீச்சல் போட்டு மலையேறியது என்றும், அதன் ஹாரன் சத்தத்துக்குச் சோழபுரத்து எருமைகள் எழுந்து நின்று வழிவிடும் என்றும் உங்களிடம் அளந்தவன் நானே. இப்போது சொல்லப்போவதில் மட்டும் ஒரு கல் உப்புகூட நான் சேர்க்கவில்லை. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அந்தக் காரின் இஞ்சினில் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை வில்லை. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகிற வழியை அது அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். போதுமான சூடு வந்ததும் அதன் வயிற்றிலுள்ள மெழுகு இளகிப் பெருத்து ஒரு தண்டைத் தள்ள, வழி திறக்கும். சூடு தணிந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் மறுபடி மூடிவிடும். மீட்டரில் சூட்டு முள் நடுவிலேயே நிற்பது இதனால்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் புதுக் கார் வந்தாலும் முதல் வேலையாக இதைப் பிடுங்கி எறிவார்கள். "இது என்ன காஷ்மீரா?" என்பது அவர்கள் வாதம். என் வாதமும் அதுவே. அண்ணாச்சி மட்டும் கைவைக்க விடமாட்டார். "குளுந்த இஞ்சின் ஓடுனா தேஞ்சு போகும்லே. உள்ள ஒருத்தன் காவலுக்கு இருக்கட்டும்."

ஒருத்தன் என்றுதான் சொல்வார். காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். அவசர சவாரி கத்தினாலும் அசையமாட்டார். "செத்த நேரம் பொறுங்க. அவன் இன்னும் முழிக்கல." திடீரென்று ஹோஸ் சுடும். "முழிச்சுட்டான்," என்பார், யாரோ கூப்பிட்டு அவர் காதில் விழுந்ததுபோல.

எண்பதுகளில் ஒரு ஐப்பசி. தலைப்பிரசவத்துக்குக் கான்சாபுரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி கோமதிக்கு வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். சேதி கேட்டு நானும் அண்ணாச்சியும் காரோடு போய், பின் சீட்டில் கோமதியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நல்ல சாயங்கால வெயில். பாதி வழியில் சூட்டு முள் நடுவை விட்டு நகர்ந்து சிவப்புக்குப் போயிற்று. அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதீங்க! இஞ்சின் வெந்தா வேகட்டும்," என்று கத்தினேன்.

அவர் பானெட்டைத் தூக்கினார். இஞ்சின் உள்ளே கொதித்துக் குமுறியது. ரேடியேட்டரை அவர் தொட்டார், என்னையும் தொடச் சொன்னார். பிணத்தைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது.

"தண்ணி இருக்கு. அவன்தான் வழிவிட மாட்டேங்கான்."

"அன்னைக்கே பிடுங்கி எறிங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டனே! அங்க ரெண்டு உசுரு துடிக்குது."

"சூடு ஆறாம மூடியைக் கழட்டுனா நம்ம மூஞ்சி வெந்துரும். செத்த நேரம் பொறுலே."

உள்ளிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கோமதி தலையைத் தூக்கி, "அண்ணாச்சி, உள்ள யாரு தட்டுதா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தாயி, ஆவி முட்டுது," என்றார். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். ஒரு குருவிச் சத்தம் இல்லை. காற்றில் பச்சை மண் வாசனை. வளைவுக்கு அப்பால் பத்து லாரி சேர்ந்து வருவதுபோல் ஓர் இரைச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் ஓடையின் குறுக்கே இருந்த தரைப்பாலத்தைக் காணோம். மலையில் பெய்த மழை, வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. எங்கள் தலைக்குமேல் ஒரு துளி மேகம் இல்லை. வெள்ளம் எவ்வளவு உயரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வாழ்நாளில் அன்றைக்குத்தான் எனக்குக் கூட்டிச் சொல்ல வரவில்லை. நிற்காமல் வந்திருந்தால் அந்த நிமிஷம் நாங்கள் பாலத்தின் நடுவில்.

திரும்பி வந்தபோது தட்டல் நின்றிருந்தது. சூடு நன்றாக ஆறியதும் அண்ணாச்சி மூடியைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காட்டாற்று வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்தது. மூழ்கியிருந்த பாலம் தலைகாட்டியதும் மெல்ல உருட்டிக் கடந்தோம். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தைதான் என் மகள் மீனா.

பிறகு ஒருநாள் தேரடி டீக்கடையில், எல்லோரும் பார்க்க, அந்த வில்லையை நூலில் கட்டி வெந்நீரில் இறக்கினார். சூடு ஏற ஏற அது மீன் வாயைப்போல மெல்லத் திறந்தது. தூக்கினார், ஆறியதும் மூடியது. மறுபடி இறக்கினார், மறுபடி திறந்தது.

"நல்லாத்தான வேலை செய்யுது?" என்றார் டீக்கடைக்காரர்.

"காத்து அடைச்சிருக்கும். வெந்நி மேல படலைன்னா அவனுக்குச் சூடு தெரியாது."

"அந்த எடத்துலதான் அடைக்கணுமா அண்ணாச்சி?" என்றேன்.

"அதை அவன்கிட்டயே கேளு," என்று என் கையில் போட்டார். காருக்குப் புதிது வாங்கி மாட்டினார். நான் அப்புறம் குறுக்கே பேசவில்லை.

துட்டி வீட்டிலிருந்து திரும்பியதும் கோமதி எனக்குக் குளிக்க வெந்நீர் வைத்தாள். என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்து அந்த வில்லையை எடுத்துப் பானைக்குள் விட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அது திறக்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த கோமதி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சும்மா கிடந்து மெழுகு கசிந்திருக்கும். அண்ணாச்சி இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார், அதே முகத்தோடு.

என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது வாய் மூடிய அந்த வில்லையும் ஒரு பழக்கமும். வீட்டில் யாராவது புறப்படும் நேரத்தில் செருப்பு வார் அறுந்தாலோ, சாவி அகப்படாமல் போனாலோ நான் இப்போது கத்துவதில்லை. வாசலுக்கு வந்து தெருவின் கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"யாருப்பா வாரா?" என்று மீனா கேட்கிறாள்.

"செத்த நேரம் பொறு," என்கிறேன்.