என்னை இழந்து பழகியவர்

என் கணவர் தத்துவஞானி ஆனது ஒரு சனி, ஞாயிறில். அதுவரை அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக மட்டும்தான் இருந்தார். அந்த வருடம் போனஸைப் பற்றி யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அதிகாரிகளை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டாராம். சின்ன வட்டத்தில் இருப்பது நம் கையில் இருப்பது. மற்றதெல்லாம் நம் கையில் இல்லாதது. கையில் இல்லாததற்குக் கவலைப்படுகிறவன் முட்டாள். இதற்கு ஸ்டோயிக் தத்துவம் என்று பெயர்.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவரே இப்படித்தான் வாழ்ந்தார் என்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் கணவர் சொன்னார். அந்தச் சக்கரவர்த்தி வீட்டில் தரையடிச் சம்ப்புத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேறு ஆள் இருந்திருக்கும் என்றேன். அவர் புன்னகைத்தார். அன்று தொடங்கிய புன்னகை அது. எதைச் சொன்னாலும் அதே புன்னகை. பழைய ஆள் கோபப்படுவார், கதவைச் சாத்துவார், ராத்திரி சாப்பிடாமல் படுப்பார். அந்த ஆளோடு குடித்தனம் நடத்துவது சுலபமாக இருந்தது.

நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். பிரேக் பாகங்களை அளந்து பார்த்து, அளவில் நிற்காததை ஒதுக்குவது என் வேலை. அதனாலோ என்னவோ, எனக்கு எதுவும் லேசில் பிடிப்பதில்லை. இந்தத் தத்துவத்தையும் அளந்து பார்த்தேன். சம்ப் காலியாகி, தண்ணீர் லாரிக்குப் போன் போடுங்கள் என்று சொன்ன நாளில், "லாரி வர்றதும் வராததும் நம்ம கையில இல்ல" என்றார். "போன் உங்க கையிலதான இருக்கு?" என்றேன். புன்னகை. நான்தான் போட்டேன். கரண்ட் போனாலும், கேஸ் தீர்ந்தாலும், மழைக்கு மொட்டை மாடித் துணி நனைந்தாலும் எல்லாம் அந்தப் பெரிய வட்டத்தில் போய் விழுந்தன. அங்கிருந்து பொறுக்கி எடுத்துச் செய்ய நான் ஒருத்தி இருந்தேன்.

மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். ஓசூர் மார்கழியை அனுபவித்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். சுவரில் கீசர் தொங்குகிறது. பல் தந்தியடிக்க வெளியே வந்து, குளிர் என்பது வெறும் எண்ணம்தான் என்று அறிவிப்பார். பிறகு என் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சுருண்டுவிடுவார்.

இதையெல்லாம் கேலி பேசியே ஓட்டியிருப்பேன். ஆனால் ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தத்துவத்தின் இன்னொரு பயிற்சியைப் பற்றிச் சொன்னார். நமக்குப் பிரியமான எதையும் நிரந்தரம் என்று நம்பக் கூடாதாம். அது போய்விட்டதாக தினமும் காலையில் மனதுக்குள் நடத்திப் பார்க்க வேண்டுமாம்.

"நீ இல்லன்னா எப்படி இருக்கும்னு தெனமும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நெனச்சுப் பாக்கறன். அப்பதான் இருக்கறதோட அரும தெரியும்" என்றார். பாராட்டை எதிர்பார்த்த முகம்.

"நான் எப்படிச் செத்தேன்?"

"பைபாஸ்ல. உங்க கம்பெனி பஸ்."

"பஸ்ல எல்லாருமா, நான் மட்டுமா?"

"அவ்வளவு தூரம் யோசிக்கல."

அவ்வளவு தூரம் யோசிக்காதவர் அதற்குப் பிறகு நடக்க வேண்டியதை எல்லாம் யோசித்து வைத்திருந்தார். பாகலூர் ரோட்டு மெஸ்ஸில் காலையும் இரவும் கேரியர். மகள் ஏற்கெனவே சேலத்தில் ஹாஸ்டலில் படிப்பதால் அவளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு கம்பெனிக்குப் பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு. என் புடவைகள் என் தங்கைக்கு. என் தங்கைக்கு என் நிறங்கள் எதுவும் பொருந்தாது. அதைக்கூட யோசிக்கவில்லை.

அருமை தெரிந்துகொண்டவர் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. சோப்பைக் கழுவிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மாவின் அக்காள் அந்த வியாதியில்தான் போனார்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். குடித்து முடித்தார். நீளமாக மூச்சை இழுத்து விட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளரின் குரலில் சொன்னார்: "ரிசல்ட்டு என்னங்கறது நம்ம கையில இல்ல. அத எப்படி எடுத்துக்கறோம்ங்கறதுதான் நம்ம கையில."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் தினமும் காலையில் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டார். நான் உயிரோடு தோசை சுட்டுக்கொண்டிருந்தபோதே என் காரியம் நடந்து முடிந்திருக்கிறது. இப்போது உண்மையாகவே சாவு வந்து வாசலில் நின்றாலும், ஏற்கெனவே பார்த்த படத்தைத் திரும்பப் பார்ப்பது போலத்தான் அவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். எனக்காகப் பயப்பட இந்த வீட்டில் ஆள் இல்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது.

கம்பெனியில் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்பவள் நாட்றாம்பாளையத்துக்காரி. என்னைவிடச் சின்னவள். கான்ட்ராக்டில் வந்தவள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். கேன்டீனில் சாப்பிடும்போது அவளிடம் மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னதற்கு ஒரு பயனும் இல்லை. "ஐயோ அக்கா!" என்று போட்ட சத்தத்தில் சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியை விட்டுவிட்டார். என் தோளைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, யூனிபார்ம் நனைய அழுதாள். எச்.ஆர். பெண் ஓடி வந்து, "கன்ட்ரோல் பண்ணுங்க, ப்ளீஸ்" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போகவும் மனமில்லை. அந்த வாரத்தில் முதல்முறையாக நானும் அழுதேன்.

மறுநாள் காலை கையுறை மாட்டிக்கொண்டே, "எங்கூரு அம்மனுக்கு வேண்டிக்கிட்டனுக்கா. ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா மொட்ட" என்றாள்.

"உனக்கெதுக்கு மொட்டை? கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு."

"எனக்கில்லக்கா. உனக்கு."

என்னைக் கேட்காமல் என் தலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கோபமாகக் கேட்டால், "நோவு உனக்குத்தான? உம்முடியத்தான கேக்கும்? எம்முடிய வெச்சுக்கிட்டு அம்மன் என்னா பண்ணும்?" என்கிறாள். சிரிப்பு வந்தது. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டேன். அதை அவள் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

பெங்களூரில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதையை எடுத்தார்கள். போகும் வழியில் அத்திப்பள்ளியில் வண்டிகள் நின்ற நிலையில் நிற்க, என் பக்கத்தில் அவர் ஒரு ஹாரன்கூட அடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ், "பயப்படபேடிம்மா" என்று என் கையைத் தட்டிவிட்டு, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும், சார் எவ்வளவு தைரியமாக இருக்கிறார் பாருங்கள் என்று அவரைக் காட்டினாள். அவர் அடக்கமாகத் தலையசைத்தார். ஊசி என் மார்பில், பாராட்டு அவருக்கு.

ரிசல்ட் வரும் வரை நான் தூங்கவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார்.

சாதாரணக் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் என் கணவர், "நான்தான் சொன்னன்ல? கவலப்பட்டு என்ன ஆயிருக்கும்?" என்றார். இவர் பதறாமல் இருந்த மரியாதைக்காகத்தான் கட்டி நல்ல கட்டியாக மாறிவிட்டது என்பது போன்ற பேச்சு. எனக்கு அவ்வளவு நிம்மதியில் சண்டை போடத் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்து, வேடிக்கையாகத்தான், நாட்றாம்பாளையத்துக்காரி மொட்டைக்கு வேண்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். புன்னகையை எதிர்பார்த்தேன்.

"என்னாது! பொம்பள மொட்ட போடறதா? அவ யாரு உன் தலைக்கு வேண்டிக்கறதுக்கு? அடுத்த மாசம் ஜி.எம். பொண்ணு கல்யாணம், மொத்த கம்பெனியும் வரும், நான் உன்ன எப்படிக் கூட்டிட்டுப் போவன்?" என்று தொடங்கியவர், நிறுத்தவில்லை. நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றார். அவளை வேலையை விட்டுத் தூக்கச் சொல்கிறேன் என்றார். கீழ்வீட்டுத் தெலுங்கம்மா, "ஏமாயிந்தி?" என்று படியேறி வந்துவிட்டார். என் சாவுக்கு உயராத குரல் என் முடிக்கு உயர்ந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு மொட்டை போடும் எண்ணமே இல்லை. அவர் கத்தி முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் அஞ்செட்டி வழியாக பஸ் ஏறிப் போனோம். காட்டு ரோடு, நிறைய வளைவு, அவள் வழியெல்லாம் வாந்தி. கோயில் வாசலில் நாவிதர் என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, நிஜமாகவா என்பது போல அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். முடி மடியில் விழுந்தபோது எனக்கு எந்த ஞானமும் வரவில்லை. காதுக்குப் பின்னால் குளிர்ந்தது, அவ்வளவுதான். அவள் சந்தனத்தைக் குழைத்து என் தலை முழுக்கப் பூசி, கையை எடுக்காமல் வைத்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். அவளுக்கு அழுகை ஒரு பெரிய விஷயமே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். வரும் வழியிலேயே பதில்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கதவைத் திறந்தார். என் தலையைப் பார்த்தார். சந்தனம் பஸ்ஸிலேயே காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. வெளிறிய மண்டை, தூக்கமில்லாமல் குழிந்த கண். பெங்களூர் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எதிர் பெஞ்சில் மருந்து ஏற்றிக்கொள்ள வந்து உட்கார்ந்திருந்த பெண்களின் தலை இப்படித்தான் இருந்தது. அவரும் பார்த்திருக்கிறார் போல.

அவர் கத்தவில்லை. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னுதான போட்டிருந்தாங்க?" என்றார்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"எங்க வெச்ச அத? எடு. டாக்டர் உன்ன தனியா கூப்ட்டு ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்கறியா நீ?"

அவரே பீரோவைத் திறந்து துணிகளை எல்லாம் இழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டை எடுத்து, என்னோடு சேர்ந்து ஏற்கெனவே படித்த அதே தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். படித்துவிட்டு என் தலையைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, நாட்றாம்பாளையத்துக்காரி தோற்றுப்போகும்படி அழுதார். பைபாஸ் விபத்து, மெஸ் கேரியர், தங்கைக்குப் புடவை என்று தினமும் நடத்திப் பார்த்ததில் ஒரு நாள்கூட அவர் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

எனக்கு ஒன்றும் இல்லை, முடி வளர்ந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார். சொல்லவில்லை. இந்த அழுகைக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு, அவர் அழுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.