பாச்சாங் லீஸ் கடை

அண்ணே, நீ போன பிறகும் எனக்கு அண்ணிமேல் பொறாமைதான். உன் போட்டோவுக்கு அவர் மாலை போட்டால், அதை நான் போட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டுக் குருபோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனவள். உன் கல்யாணத்துக்கு முன்னால் என்னைத்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விலைக்கு வரும் கடைகளைப் பார்க்கப் போவாய். கடைசியில் பாச்சாங்கில் கடை வாங்கியபோது உன்கூட வந்தது அண்ணி. எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

அது லீஸ் கடை. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை வருஷம் முடிந்தால் திரும்பிப் போய்விடும். சலவைக் கடை வைத்திருக்கும் டோபிக்காரர் அதில் வாடகைக்கு இருக்கிறார். வங்கிக் கடனை உன் இன்சூரன்ஸ் அடைத்துவிட்டது. நீ இறந்ததால் அம்மாவுக்கும் கடையில் பங்கு வந்தது. விற்பதா, வைத்துக்கொள்வதா? "நீ சொல்றபடி கையெழுத்து போடறேன்" என்று அம்மா என்னிடம் விட்டுவிட்டார். எனக்கு விற்கத்தான் ஆசை. அண்ணி கையில் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு அண்ணி பேச வந்தார்.

"நாளாக நாளாக வெல கொறையும். வித்துடுவோம்," என்றேன்.

அம்மாவும் சேர்ந்துகொண்டார். "பெம்பான்ல நாம வேல செஞ்ச தோட்டத்த வித்தப்ப நம்மள லயத்து வீட்ட விட்டு போகச் சொன்னானுங்க. இதுவும் அப்படித்தானே?"

"அங்க நம்ம கையில ஒண்ணுமே இல்ல அத்தை. இங்க பத்திரம் இருக்கு, எத்தன வருஷம்னு போட்டிருக்கு," என்றார் அண்ணி. "ஆனா இவ சொல்றதும் சரிதான். வருஷம் கொறஞ்சிட்டா வாங்குறவங்களுக்கு பேங்க்ல லோன் கெடைக்காது. நீட்டிக்க கேக்கலாம், குடுப்பாங்கன்னு நிச்சயமில்ல, குடுத்தாலும் காசு கட்டணும் லா."

"அப்புறம் என்னா?"

"சொந்த நெலத்து கடைய விட மலிவா கெடைச்சுச்சு. வாடகை மட்டும் அதே வாடகை. டோபிக்காரர் ஒரு மாசம்கூட நிறுத்துனதில்ல. வெலைய பாக்காத, வாடகைய பாரு."

அந்தக் கடைசி வாக்கியம் அப்படியே உன் பேச்சு. அந்த இழுப்பு கூட உன்னுடையதுதான்.

"எங்கிட்ட அண்ணன் இதெல்லாம் சொன்னதே இல்ல."

அண்ணி என்னை முறைத்தார். "உனக்கு மட்டும்தான் பொறாமையா? ஆஸ்பத்திரில கண்ண தொறந்ததும் தங்கச்சி சாப்ட்டுச்சான்னுதான் கேட்டாரு. நான் பட்டினியா அவரு பக்கத்துலயே நிக்கிறேன்!"

அம்மா சிரித்துவிட்டு உடனே அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த ஒரு கேள்வியை நீ எனக்காகக் கேட்டிருக்கிறாய். இத்தனை நாளும் அண்ணி அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

விற்றால் குறைந்த விலைதான் கிடைக்கும். வாடகை வந்தால் அம்மாவின் மருந்துக்கு ஆகும், உன் பிள்ளைக்கும் ஆகும். "வச்சுக்கலாம்மா" என்றேன். பிறகு அண்ணியிடம், "ஆனா இனிமே கடை விஷயம் எதுவா இருந்தாலும் எங்கிட்டயும் சொல்லணும்."

"சொல்றேன். டோபிக்காரர் காலி பண்ணிட்டா கடை சும்மா கெடக்கும். அப்ப ரெண்டு பேரும் சேந்தே அழலாம்."

கடையை வைத்துக்கொள்ளும் காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னிடம் கணக்குக் கற்றவர் அண்ணிதான். நான் இப்போதுதான் அவரிடம் கற்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.