கல்லில் ஒரு எழுத்து

எங்கள் பழைய மாதா கோயில் சுவரில் வெள்ளைக்காரத் துரைகளின் நினைவுக் கற்கள்தான் இருந்தன. போன மாதம் எங்கள் ஆட்களுக்கும் ஒன்று பதித்தார்கள். “சயாம் ரயில் பாதையில் மறித்தோர் நினைவாக” என்றிருந்தது. எனக்குப் பகீரென்றது. போர்க்காலத்தில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கரங்கான் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டுபோன என் அப்பா அங்கே மரித்தார், எதையும் மறிக்கவில்லை. கமிட்டித் தலைவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிமெண்டு காய்ந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் வாயே திறக்காத நான் எழுந்துவிட்டேன்.

“தம்பி, சின்ன ‘ரி’ போடணும். பெரிய ‘றி’ போட்டா ரயிலை மறிச்சவங்கன்னு ஆயிடும்.”

“ஒரு எழுத்துதானே பாட்டி, விடுங்க லா.”

“எங்கப்பாவுக்குக் கல்லறை இல்ல தம்பி. இந்தக் கல்லுதான்.”

தலைவர் கொத்தனாரிடம் மலாயில் ஏதோ சொன்னார். கொத்தனார் என்னை முறைத்துக்கொண்டே கல்லைக் கழற்றினார். நான் ஒரு தாளில் ‘மரித்தோர்’ என்று பெரிதாக எழுதி அவரிடம் நீட்டினேன்.