சேர்ந்தால் விலகேலுமோ?

நெளுக்குளத்துப் பொதுநோக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில் மச்சாள் கையைத் தூக்கிய கணம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழும்பி, சட்டையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

“உங்கட அமைப்பில சேர்ந்தா, பிறகு விருப்பமில்லையெண்டா விலகேலுமோ?”

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. போர்நிறுத்தம் வந்த சமாதான காலத்தில், பாதை திறந்து லொறிகள் வடக்கே ஓடத் தொடங்கியிருந்தபோது, நாங்கள் இருவரும் ஒரே மில்லில் நெல் அவித்துக் காயவிடும் வேலை செய்தோம். அந்த நாட்களில்தான் தொழிலாளர் உரிமை பேசும் இடதுசாரி அமைப்பொன்று எங்கள் பக்கம் கூட்டம் வைக்க ஆரம்பித்தது. ஆனால் வன்னியில் ‘சேருவது’ என்றால் அப்போது ஒரே பொருள்தான்: போராட இயக்கத்துக்குப் போவது. மாங்குளத்திலிருந்த மச்சாளின் தம்பி அப்படிச் சேரப் போனவன், திரும்பி வரவில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு முன்னாள் பள்ளிக்கூட மாஸ்டர். எல்லோரும் தோழர் என்றே அழைப்போம். அவர் சற்று யோசித்துவிட்டுத்தான் பேசினார். “விலகலாம் தங்கச்சி. காரணம் சொல்லவும் தேவையில்லை. சொன்னீங்களெண்டா எங்கட பிழை எங்களுக்குத் தெரியவரும்.”

எனக்கு அந்த இடத்திலேயே பெயரைக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது மச்சாள்தான் என்னைத் தடுத்தார். “கதை நல்லாத்தான் இருக்கு. கதையை நம்பிச் சேரேலாது. ஒருக்கா எதிர்த்துக் கதைச்சுப் பாப்பம். அப்ப என்ன செய்யினமெண்டு தெரியும்தானே?”

அதற்குச் சந்தர்ப்பம் அடுத்த கூட்டத்திலேயே வந்தது. மில் முதலாளியிடம் முதலில் எதைக் கேட்பது என்பதுதான் பேச்சு. சம்பள உயர்வு என்றார் தோழர். ஆண்களும் ஆமோதித்தார்கள். மச்சாள் மறுபடி எழும்பினார். மில்லில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. பின்பக்கத்துப் பற்றைக்குள்தான் போகவேண்டும். பாம்புக்கும் பயம், லொறிக்காரர் கண்ணுக்கும் பயம். அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வெயிலில் நெல் துழாவினோம். இதையெல்லாம் ஆண்களுக்கு முன்னால் ஒருத்தி சொல்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. மச்சாள் ஒன்றையும் விடாமல் சொன்னார்.

“சம்பளம் பிறகு கேப்பம். முதல் கக்கூசைக் கேளுங்கோ.”

யாரோ ஒருவர் சிரித்தார். தோழர் அவரை ஒரு பார்வை பார்த்தார். “எனக்கு இப்பவும் சம்பளம்தான் முதலெண்டு படுது. ஆனா நான் சொன்னாப்போல முடிவில்லை. கையைத் தூக்குங்கோ, பாப்பம்.”

முன்வரிசையில் சில கைகள் சம்பளத்துக்கு எழுந்தன. தோழருடையதும் அதில் ஒன்று. பிறகு மச்சாளின் பக்கம். முதலில் நான் தூக்கினேன். என்னோடு வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கடைசியில் மூட்டை தூக்கும் ஆண்களும் தூக்கினார்கள். அதற்கு முன்னும் நான் தேர்தல்களில் வாக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் கையால் ஒரு முடிவு மாறுவதை அன்றைக்குத்தான் கண்டேன். தோற்றுப்போன தோழர் முகம் கோணாமல், “அப்ப நாளைக்கு முதலாளியிட்ட மலசலகூடம்தான் கேக்கிறம்” என்றார். மச்சாள் என் காதருகே குனிந்தார்.

“இப்ப சேரலாமடி.”

இருவரும் சேர்ந்தோம். முதலாளி முதலில் கத்தினார். நாங்கள் ஒரு நாள் நெல்லைத் தொடாமல் மில் வாசலில் உட்கார்ந்தோம். அடுத்த போகத்துக்கு முன் தகரக் கதவு போட்ட மலசலகூடம் வந்துவிட்டது. பிறகு மறுபடி யுத்தம் தொடங்கியது. கூட்டம் கூட முடியாமல் போயிற்று. அந்த மண்டபம் இடம்பெயர்ந்த சனங்களால் நிறைந்தது. அமைப்பு எந்த நாளில் இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது.

மச்சாள் இப்போது கனகராயன்குளத்தில் வயல் செய்கிறார். போன வாரம் தொலைபேசி எடுத்தார். குளத்துத் தண்ணீர் கடைசி வயல்களுக்கு வருவதில்லையாம். ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கதைக்கப் போகிறாராம்.

“சங்கத் தலைவர் தன்ர வயலுக்குத்தான் முதல் எண்டு நிக்கிறார். நீயும் வாறியோ?”

“எனக்கு அங்க வயல் இல்லையே மச்சாள்.”

“வந்து பக்கத்தில இரன்.”

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.